கார் ஓட வழி வரைஞ்சாங்க, தண்ணி ஓட வழி எங்கே?

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! குத்தகை விவசாயிகளே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! கிராமத்து இளைஞர்களே!

மேட்டூர் தண்ணி, நெல்லுக்கு விலை, பயிர்க் காப்பீடு, தூர்வாராத வாய்க்கால் என்று நோட்டீஸ் போடுகிற சங்கம், இப்போது கார் ரேஸைப் பற்றி நோட்டீஸ் போடுகிறதே, செயலாளருக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கேளுங்கள். காரணம் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாளும் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் பார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து நம்ம பிள்ளைகள் சிலர் டீக்கடையில் பேசுகிறார்கள். “எல்லாம் சென்னைக்கு மட்டும்தானா? தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய டிராக்கா ஒண்ணு போட்டா என்ன? நிலம் எல்லாம் தட்டையா கிடக்கு. ரோடு இருக்கு. திருச்சியில ஏர்போர்ட் இருக்கு. பெரிய கோயிலுக்கு வர்ற வெளிநாட்டுக்காரன் அப்படியே ரேஸும் பார்த்துட்டுப் போவான். நாலு பேருக்கு வேலை கிடைக்கும்.” பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. டிப்ளமோ படித்துவிட்டு திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓடுகிற பிள்ளைகள், ஊரிலேயே ஏதாவது வராதா என்று ஏங்குவது நியாயம்தான். ஆனால் அந்த “தட்டையா கிடக்கு” என்கிற வார்த்தை இருக்கிறதே, அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும் நாள்வரை டெல்டாவில் ரேஸ் டிராக் போடப்போகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. பிறகு எதற்கு இப்போதே கத்துகிறாய் என்றால், மீத்தேனை நினைத்துப் பாருங்கள். மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க 2010-ல் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். நமக்கு எப்போது தெரிந்தது? ஒப்பந்தம் காய்ந்து, கம்பெனிக்காரன் வயலில் வந்து நின்ற பிறகு. அதை விரட்ட எத்தனை வருஷம், எத்தனை வழக்கு, எத்தனை பேர் மேல் போலீஸ் கேஸ்! படம் வரைந்த பிறகு கத்துவதைவிட, படம் வரைவதற்கு முன்னால் பேசிவிடுவது செலவு கம்மி.

நாட்டிலேயே பெரிய ரேஸ் டிராக் எது? டெல்லிக்குப் பக்கத்தில், உத்தரப்பிரதேசத்தில் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. புத்தர் பேரை வைத்திருக்கிறார்கள். பாவம் புத்தர். வரைந்தவர் ஹெர்மன் டில்கே என்கிற ஜெர்மானிய வடிவமைப்பாளர். மலேசியாவில் செபாங், சீனாவில் ஷாங்காய், துருக்கியில் இஸ்தான்புல், கொரியாவில் இயோங்காம் என்று உலகம் பூரா டிராக் வரைந்து கொடுத்தவர். நொய்டாவில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், 16 வளைவு. ஒரு கார் இன்னொரு காரை முந்துவதற்கு வசதியாகச் சில வளைவுகளில் தடத்தை அகலப்படுத்தியிருக்கிறார். நேர்ப்பாதை ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அங்கே பூமி நம்ம பூமி மாதிரியே சமவெளி. சமமாக ஓடினால் பார்க்கிறவனுக்கு ருசிக்காது என்று, மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடும் பள்ளமும் செய்தார்கள். கார் ஏறி இறங்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டிய வீரர்களும் நல்ல டிராக் என்றே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அந்த மனுஷன் தன் தொழிலைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அந்தத் தொழிலில் கேட்கப்படுகிற கேள்விகளைப் பாருங்கள். கார் எங்கே வேகம் எடுக்கும்? எங்கே பிரேக் போடும்? தடம் தப்பினால் எங்கே போய் நிற்கும்? அதற்கு எத்தனை மீட்டர் காலி இடம், எங்கே ஜல்லிப் படுகை, எங்கே டயர்ச் சுவர்? தடம் குறைந்தது 12 மீட்டர் அகலம், வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் 15 மீட்டர். எல்லாவற்றுக்கும் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பிடம் அளவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. சென்னைப் பந்தயத்திலேயே அந்தச் சான்றிதழ் நேரத்துக்கு வராமல், உயர்நீதிமன்றத்தில் போய்க் கெடுவை நீட்டித்து வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுத்தார்கள். காரோட்டியின் உயிருக்கு அவ்வளவு பாதுகாப்பு. நல்லது. இருக்க வேண்டியதுதான்.

நான் கேட்பது: அந்த மண் வழியாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது எது, அது இனி எங்கே போகும் என்று கேட்க எந்தக் கூட்டமைப்பு இருக்கிறது? அதற்கு எவன் சான்றிதழ் தருகிறான்?

நம்ம பூமியைத் தட்டை என்று சொல்கிறவர்கள் ஒரு ஐப்பசி மாசம் வரப்பில் நின்று பார்க்கட்டும். இது தட்டை இல்லை அய்யா. சரிவு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அதிலிருந்து கிளை ஆறு, அதிலிருந்து ஏ வாய்க்கால், பி வாய்க்கால், சி, டி என்று பிரிந்து, கடைசியில் கன்னி வாய்க்கால் வழியாக உங்கள் மடையில் வந்து விழுகிறது. உங்கள் வயலில் நிரம்பி பக்கத்து வயலுக்குப் போகிறது. மிச்சம் வடிகாலில் விழுந்து, அடுத்த ஊருக்கு அதுவே பாசனத் தண்ணியாகப் போய், கடைசியில் கடலுக்குப் போகிறது. ஓர் ஊர் வடிகால் அடுத்த ஊர் பாசனம். நாலு விரற்கடை உயரத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் வருஷமாக நம் முன்னோர்கள் கட்டிவைத்த வடிவமைப்பு இது. ஜெர்மனியிலிருந்து வந்து வரைந்த படம் இல்லை. வெட்டியான் வெட்டி, நீர்க்கட்டி பார்த்து, பண்ணையாளும் குடியானவனும் சேற்றில் நின்று சரிசெய்த படம்.

அந்தப் படத்தின் மேல் இன்னொரு படத்தை வைத்துப் பாருங்கள். ரேஸ் டிராக் என்பது ஒரு வளையம். ரோடு மாதிரி இந்தக் கோடியில் ஆரம்பித்து அந்தக் கோடியில் முடிவது இல்லை. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடியும். ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு, தரையைவிட உயர்த்தி, ரோலர் போட்டு இறுக்கி, தார் போட்ட ஒரு வளையம். விவசாயி பாஷையில் அதற்கு என்ன பேர்? கரை. சுத்திச் சுத்திப் போட்ட கரை. நீங்கள் எந்தத் திசையிலிருந்து வாய்க்காலைக் கொண்டுவந்தாலும் அது அந்தக் கரையில் வந்து முட்டித்தான் ஆக வேண்டும். உள்ளே போக ஒரு தடவை முட்டும், வெளியே வர ஒரு தடவை முட்டும். நேர் ரோடு ஒரு வாய்க்காலை ஒரு தடவைதான் வெட்டும். வளையம் இரண்டு தடவை வெட்டும். நெளிந்து நெளிந்து போகிற வளையமாக இருந்தால் அதற்கும் மேலே. நெளிவு அதிகமாக இருந்தால்தான் நல்ல டிராக் என்கிறார்கள்.

“குழாய் போட்டுடுவோம், பாலம் கட்டிடுவோம், இன்ஜினியர் இருக்காங்கல்ல?” என்பார்கள். இருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு ரோடு போட்டார்கள். எந்தத் துறை, எந்தக் காண்டிராக்டர் என்று இங்கே சொல்லவில்லை. குறுக்கே போகிற வாய்க்காலுக்கு இரண்டு சிமெண்ட் குழாய் வைத்தார்கள். வைத்தது சரி, வாய்க்கால் தரைமட்டத்துக்கு முக்கால் அடி மேலே வைத்தார்கள். தண்ணி என்ன ஏணி வைத்தா ஏறும்? மேலண்டைப் பக்கம் தாளடி நாற்று அழுகிப் போச்சு. கீழண்டைப் பக்கம் தண்ணி எட்டவில்லை. ஒரே வாய்க்கால், ஒரே வாரம், ஒரு பக்கம் முழுகுது, ஒரு பக்கம் காயுது. போய்க் கேட்டால், “டிராயிங்கில் அப்படித்தான் இருக்கு” என்றார் ஒருத்தர். முக்கால் அடி அவருக்கு ஒரு அளவே இல்லை. நமக்கு அது ஒரு போகம். சாதாரண ரோட்டில் இரண்டு குழாய்க்கே இந்தக் கதி என்றால், ஐந்து கிலோமீட்டர் வளையத்தில் எத்தனை குழாய், எத்தனை டிராயிங்?

அடுத்தது மழை. நொய்டா டிராக்குக்கு எடுத்த இடம் சுமார் 875 ஏக்கர். நம்ம கணக்கில் 130 வேலிக்கு மேல். அந்த அளவு இடத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணி 35 கோடி லிட்டர். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் பெய்வது அதிசயம் இல்லை. அது வயலாக இருந்தால் வரப்புக்குள் கொஞ்ச நேரம் நிற்கும், மெதுவாக இறங்கும், மெதுவாக வடியும். வயல் என்பது நெல் விளைகிற இடம் மட்டுமில்லை, மழையைத் தாங்கிப் பிடிக்கிற ஏனம். தாரும் கான்கிரீட்டும் பார்வையாளர் மேடையும் கார் நிறுத்துமிடமுமாக இருந்தால் ஏனம் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அத்தனையும் தார் இல்லை, புல்தரையும் உண்டு என்பார்கள். சரி, பாதியைத் தள்ளிவிடுவோம். மிச்சம் பதினேழு கோடி லிட்டர் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் எந்த வடிகாலில் வந்து விழும்? டிராக்கில் தண்ணி தேங்கக்கூடாது என்பதுதான் அவர்கள் வடிவமைப்பின் முதல் விதி. அதனால் சீக்கிரம் சீக்கிரம் வெளியே தள்ளுவார்கள். வெளியே என்றால் எங்கே? நம்ம தலையில்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை. மறந்துவிட்டதா? நெல்லு கடலாய்க் கிடந்ததே! அந்த மழைக்கு வடிகால் வரைகிற டிசைனர் உலகத்தில் எவனாவது உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பெரிய பெரிய நாடுகளே தண்ணியிடம் தோற்றிருக்கின்றன. அதே டில்கே வரைந்த செபாங்கில் 2009-ல் மழையால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பினார்கள். 2018-ல் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனில் புதுசாகத் தார் போட்டார்கள், தண்ணி வடியவில்லை, மோட்டார் சைக்கிள் பந்தயத்தையே ரத்து செய்தார்கள். 2023 மே மாதம் இத்தாலியில் இமோலா டிராக் பக்கத்தில் ஆறு பெருக்கெடுத்து, பந்தயம் கிடையாது என்று பெட்டி கட்டினார்கள். ஷாங்காயில் சதுப்பு நிலத்தில் டிராக் போட ஆயிரக்கணக்கில் கான்கிரீட் தூண்களைத் தரைக்குள் இறக்கினார்கள். நம்ம வண்டல் களிமண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், மழையில் மாடு இறங்கினால் முழங்கால் புதையும். வீட்டுக்குக் கடைக்கால் போடவே ஆற்று மணல் கொட்டி நிரப்புகிறோம். இதன் மேல் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற காருக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்காத தடம் போடுவதற்கு எவ்வளவு மண்ணை எந்த ஆற்றிலிருந்து அள்ளுவார்கள்? கொள்ளிடத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

சரி, நொய்டா டிராக் என்ன ஆனது? இதுதான் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அந்த வட்டாரத்தில் யமுனா விரைவுச்சாலை, அதை ஒட்டிய நகரங்கள் என்று சொல்லி, வெள்ளைக்காரன் காலத்து 1894 சட்டத்தின் அவசரப் பிரிவை வைத்து ஏக்கர் ஏக்கராக நிலத்தை வளைத்தார்கள். அவசரப் பிரிவு என்றால், ஆட்சேபணை சொல்ல உனக்கு நேரம் கிடையாது என்று அர்த்தம். கிரேட்டர் நொய்டாவில் ஷாபேரி கிராமத்தில் அப்படி எடுத்தது செல்லாது என்று 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே மாதம், பட்டா பார்சோல் கிராமங்களில் நிலத்துக்கு நியாய விலை கேட்ட விவசாயிகளுக்கும் போலீசுக்கும் மோதல். விவசாயியும் செத்தான், போலீஸ்காரனும் செத்தான். அவனும் ஏதோ ஒரு ஊர்க் குடியானவன் மகனாகத்தான் இருந்திருப்பான். இந்த ரத்தம் காய்ந்து ஆறு மாதத்துக்குள், 2011 அக்டோபர் 30-ம் தேதி, முதல் பார்முலா 1 பந்தயம். சுற்றுவட்டார விவசாயிகள் நஷ்டஈடும் வேலையும் கேட்டு, பந்தயத்தை மறிப்போம் என்று எச்சரித்தார்கள். பந்தயத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு வேறு. அது உச்சநீதிமன்றம் வரை போய், டிக்கெட் வசூலில் கால்பங்கைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னார்கள். நெல்லு மூட்டை எடுத்துப்போகிற வண்டிக்கு டோல்கேட்டில் எவனாவது விலக்கு கொடுத்திருக்கிறானா?

முதல் நாள் ஒத்திகையில் ஒரு தெருநாய் டிராக்குக்குள் ஓடி வண்டிகளை நிறுத்தியது. உலகம் பூரா சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாய் நேற்றுவரை அங்கே இருந்த ஏதோ ஒரு களத்தைத் தேடி வந்திருக்கலாம்.

2011, 2012, 2013. மூன்றே மூன்று வருஷம். அதோடு பார்முலா 1 போய்விட்டது. வரித் தகராறு ஒரு பக்கம் ஓடியது. பத்து வருஷம் கழித்து 2023-ல் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள், அதுவும் அடுத்த வருஷம் வரவில்லை. கட்டிய ஜேபி குழுமம் கடனில் விழுந்தது. பாக்கி கட்டவில்லை என்று அந்த விளையாட்டு நகரத்துக்குக் கொடுத்த 1000 ஹெக்டேர் ஒதுக்கீட்டை 2020-ல் ரத்து செய்தார்கள். ரத்து சரிதான் என்று 2025-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் சொன்னது. இடையில் 2024-ல் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. இத்தனையிலும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒதுக்கீடு ரத்து ஆனால் நிலம் யாருக்குப் போகும்? வாரியத்துக்கு. கம்பெனி திவால் ஆனால் சொத்து யாருக்கு? வங்கிக்கு. கொடுத்த குடியானவனுக்கு? தார் போட்ட மண்ணை அவனிடம் திருப்பிக் கொடுத்தாலும் என்ன செய்வான், அதில் நாற்றங்காலா போடுவான்?

பெரிய தொகை கொடுத்தார்கள் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: பட்டா இருப்பவனுக்குத்தான் தொகை. டெல்டாவில் பட்டா யார் பேரில் இருக்கிறது? எத்தனை ஆயிரம் ஏக்கர் கோயில் பேரில், மடத்துப் பேரில், கட்டளை பேரில்! மூன்று தலைமுறையாக உழுகிறவன் குத்தகைதாரன். பதிவேட்டில் பேர் ஏறியவன் பாதி, ஏறாதவன் பாதி. நடவு நடுகிற, களை எடுக்கிற அம்மாக்களுக்கு எந்தப் பதிவேடு? கம்பெனி கொடுக்கும் வேலை என்ன? வருஷத்தில் மூன்று நாள் பந்தயம். மிச்சம் 362 நாள் வாட்ச்மேன் வேலை, அதுவும் ஏஜென்சி மூலம். 130 வேலி நிலத்தில் இரண்டு போகத்துக்கு எத்தனை ஆள் கூலி என்று நம்ம ஊர்க் கொத்தனார் கேட்டாலும் சொல்வார்.

எங்கள் சங்கம் காருக்கு விரோதி என்று யாரும் திரிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கார் பந்தயம் புதுசு இல்லை. சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பல வருஷம் பந்தயம் நடந்தது. எவன் வயலும் போகவில்லை. இங்கிலாந்து சில்வர்ஸ்டோனும் அப்படித்தான், போர் முடிந்து சும்மா கிடந்த விமானத்தளம். பிறகு சென்னை மோட்டார் கிளப்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே டிராக் வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. உலகப் பந்தயத்துக்குப் போன நரேன் கார்த்திகேயனும் நம்ம பிள்ளைதான். இருக்கிற டிராக்கை நன்றாக்குங்கள், யார் வேண்டாம் என்றது?

சென்னைத் தெருப் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு என்று பார்த்தால் எனக்கு அது பரவாயில்லை. ஏற்கெனவே இருக்கிற ரோட்டில் மூன்றரை கிலோமீட்டர், பந்தயம் முடிந்ததும் தடுப்பைக் கழற்றிவிட்டால் பழையபடி ரோடு. ஒரு சென்ட் நிலம் போகவில்லை. ஆனால் அதற்கு அரசாங்கம் ஒதுக்கியது 40 கோடி ரூபாய். எந்த வருஷம் ஒதுக்கினார்கள்? 2023. மேட்டூரில் தண்ணி இல்லை, கர்நாடகம் தரவில்லை, அக்டோபர் 10-ம் தேதி அணையை மூடினார்கள், குறுவை கண்ணெதிரே கருகியது. கருகிய குறுவைக்கு அரசு அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். ஏக்கருக்கு 5,500 ரூபாய்கூட வராது. உழவுக்கே பத்தாது. அந்த 40 கோடியை இந்தக் கணக்கில் வகுத்துப் பாருங்கள், 73,000 ஏக்கருக்கு மேல் கொடுத்திருக்கலாம். டிசம்பரில் நடத்த இருந்த பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையே முழுகியதால் தள்ளிப்போனது. வெள்ளம் வந்தால் பந்தயத்தைத் தள்ளிவைக்கலாம். நடவைத் தள்ளிவைக்க முடியுமா?

இனி சட்டத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2020 பிப்ரவரியில் அன்றைய அ.தி.மு.க. அரசு, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்குவதாகச் சட்டம் போட்டது. நாமும் இனிப்பு கொடுத்தோம், தப்பில்லை, போராடி வாங்கியது. ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? எது கூடாது என்கிற பட்டியல் அதில்தான் இருக்கிறது. துத்தநாக உருக்காலை கூடாது, செம்பு, அலுமினிய உருக்காலை கூடாது, இரும்பு ஆலை கூடாது, தோல் பதனிடக் கூடாது, கப்பல் உடைக்கக் கூடாது, எண்ணெய் எரிவாயு எடுக்கக் கூடாது. சரி. விளையாட்டு நகரம்? பட்டியலில் இல்லை. ரேஸ் டிராக்? இல்லை. கேளிக்கைப் பூங்கா, கோல்ப் மைதானம்? இல்லை. அதோடு சாலை, துறைமுகம், குழாய் போன்ற உட்கட்டமைப்புக்கு விலக்கு வேறு. புகை விடுகிற பூதத்துக்கு வாசலை அடைத்தோம். கலர் விளக்குப் போட்டு வருகிற பூதத்துக்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

அடுத்து 2023 ஏப்ரல் 21. தி.மு.க. அரசு, சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா வந்த அதே நாள். எல்லோரும் அதைப் பற்றியே பேசியதில் இது சத்தமில்லாமல் போய்விட்டது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. என்ன சொல்கிறது? 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்தை அரசாங்கம் சிறப்புத் திட்டம் என்று அறிவித்தால், அதற்குள் இருக்கும் ஏரி, குளம், வாய்க்கால், ஓடை எல்லாவற்றையும் சேர்த்து ஒருங்கிணைக்கலாம். என்ன நிபந்தனை எழுதியிருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: வாய்க்காலை எடுத்து வேறு இடத்தில் வைப்பது என்றால், கடைமடைக்காரனின் சரிவை எடுத்து எங்கே வைப்பீர்கள்? ஒரு டிராக்குக்கு வேண்டியது 350 ஹெக்டேர். 100 ஹெக்டேர் வரம்பை மூன்று மடங்கு தாண்டுகிறது. சட்டத்தின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறதா இல்லையா?

மத்திய அரசின் 2013 சட்டம் இருக்கிறதே, தனியார் திட்டத்துக்கு 80 சதவீத நில உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டுமே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தொழில் திட்டத்துக்கு என்று 1997-ல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது. அதில் அந்தச் சம்மதம் கிடையாது. 2019-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மாநில அரசு உடனே புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்சநீதிமன்றம் அந்தப் புதுச் சட்டம் செல்லும் என்றுவிட்டது. போட்டது ஒரு கட்சி, காப்பாற்றியது ஒரு கட்சி என்ற பேச்சே இங்கே இல்லை. இரண்டு பேருக்கும் இந்த விஷயத்தில் ஒரே கை.

ஆகவே நம் சங்கம் கேட்பது: இரண்டாம் அட்டவணையில் பந்தயத் தடம், விளையாட்டு நகரம், பாசன வாய்க்காலை மறிக்கிற எந்தப் பெருங்கட்டுமானமும் கூடாது என்று சேர். 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை ரத்து செய். டெல்டாவில் எந்தப் பெருந்திட்டத்துக்குப் படம் வரைந்தாலும் முதல் தாளில் வடிகால் படம் இருக்க வேண்டும், அதில் நீர்க்கட்டியும் பாசனதாரர் சங்கமும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இரண்டாம் தாள்.

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடும். அடுத்து எது வருகிறதோ அதற்கு எல்லோரும் வாருங்கள். வெறும் கையோடு வராதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 1:5000 அளவு வரைபடமாக இருந்தால் ஒரு மீட்டர் நூல் எடுங்கள், அது ஐந்து கிலோமீட்டர். இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, டீக்கடையில் ரேஸ் டிராக் கேட்ட பிள்ளைகளையே கூப்பிட்டு, “வைடா, உனக்குப் பிடிச்ச வளைவெல்லாம் வச்சு வை” என்று வரைபடத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த நூல் எத்தனை வாய்க்காலை, எத்தனை வடிகாலை, எத்தனை சுடுகாட்டுப் பாதையை வெட்டுகிறது என்று அவர்களையே எண்ணி எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையைத் தீர்மானத்தில் சேர்த்து, புத்தகத்தில் ஏற்றி, நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். எல்லாக் கிராமத்து எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டுதான் மாவட்ட ஆட்சியரைப் பார்க்கப் போகிறோம். ஆர்ப்பாட்டத் தேதி கிளைகளில் அறிவிக்கப்படும்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்

(படித்துவிட்டுக் கிழிக்காமல் பக்கத்து வயல்காரரிடம் கொடுக்கவும். அச்சுச் செலவு உறுப்பினர் சந்தாவிலிருந்து.)